தட்டு மாறிய காட்சி

இரண்டு திரைக்கதைகளும் மேசை மேல் அருகருகே கிடந்தன, கோபித்துக்கொண்ட புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் தொடாமல் படுத்திருப்பது போல. அசிபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

பிஷ்கெக் நகரில் ஒருவர் கதையை இன்னொருவர் திருடிவிட்டார் என்று புகார் எழுந்தால் அது கடைசியில் திரை எழுத்தாளர் சங்கத்துக்குத்தான் வரும். சங்கத்துக்கு வந்தால் அசிபாவின் மேசைக்கு வரும். எத்தனையோ பார்த்துவிட்டாள். "என் கதாநாயகனும் டாக்சி ஓட்டுறான், அவன் கதாநாயகனும் டாக்சி ஓட்டுறான்" என்று மூச்சிரைக்க ஒருவன் வருவான். "இந்த ஊர்ல பாதிப் பேர் டாக்சிதான் ஓட்டுறாங்க தம்பி" என்று சொல்லிப் பால் விட்ட தேநீர் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பிவிடுவாள். தேநீரிலேயே தீர்ந்துபோன புகார்கள்தான் அதிகம்.

இது தேநீரில் தீர்கிற புகாராகத் தெரியவில்லை. புகார் கொடுத்தவர் ஷெர்காசி. யார் மேல் என்றால் எர்னிஸ் மேல். இருவரும் தலை நரைத்த எழுத்தாளர்கள். அதோடு சம்பந்திகள். எர்னிசின் மகள் ஐஜார்கினைத்தான் ஷெர்காசியின் மகன் உலானுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவளே அசிபாதான். இரண்டு வீட்டிலும் அவள் நுழைந்தால் சுவரோரத்து மரியாதை இடத்தில் மெத்தை விரிப்பார்கள்.

"இதுல பேச என்ன இருக்கு அசிபா?" என்றார் தோக்தோசுன். ஓய்வுபெற்ற இயக்குநர், புகார்க்குழுவில் ஒருவர். உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். "நல்லா எழுதினத ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதலாம். தப்பா எழுதினத எப்படி ஒரே மாதிரி எழுத முடியும்? காப்பியடிக்கிறவன் தப்பையும் சேர்த்துத்தான் அடிப்பான்."

அவர் சொன்ன தப்பு இரண்டு கதையிலும் இருந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் விருந்து. புது மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் வந்திருக்கிறார்கள். ஆடு வெட்டி, எலும்பு எலும்பாகப் பிரித்து, அவரவர் மரியாதைக்கு ஏற்ற எலும்பைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். சம்பந்திக்கு இடுப்பெலும்பு வரவேண்டும், மாப்பிள்ளைப் பையனுக்கு நெஞ்செலும்பு. ஆனால் தட்டு மாறிவிடுகிறது. நரைத்த சம்பந்தி முன்னால் நெஞ்செலும்பு, மீசை அரும்பிய மாப்பிள்ளை முன்னால் இடுப்பெலும்பு. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் மூத்த கிழவர் வாழ்த்துச் சொல்லத் தொடங்குகிறார். எல்லாரும் உள்ளங்கைகளை விரித்துத் தலை குனிகிறார்கள். அந்தக் குனிவில், மாப்பிள்ளையின் அப்பா சத்தமில்லாமல் தன் தட்டையும் மகன் தட்டையும் மாற்றிவிடுகிறார். தலைகள் நிமிரும்போது எல்லாம் முறைப்படி இருக்கிறது.

"எந்த வீட்ல சம்பந்திக்கு நெஞ்செலும்ப வப்பாங்க?" என்றார் தோக்தோசுன். "எழுத்தாளனுக்குத்தான் இப்படி ஒரு கோணல் புத்தி வரும். ஒருத்தனுக்கு வரலாம். ரெண்டு பேருக்குமா?"

மூன்றாவது ஆள் நசீரா. திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுப்பவள், வயதில் சின்னவள். ஒத்துப்போகிற வரிகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். பக்கம் முழுக்கத் தக்காளிச் சாறு கொட்டியது போல இருந்தது. "ஷெர்காசி அண்ணனோடது சங்கத்துல முன்னாலயே பதிஞ்சிருக்கு. உறை ஒட்டிப் பதிஞ்சதோட சரி, யார்கிட்டயும் காட்டல. எர்னிஸ் அண்ணனோடது அப்புறம் பதிஞ்சது, வாங்கிட்டாங்க, பனி உருகினதும் படப்பிடிப்பு. அதோட இன்னொன்னு இருக்கு அக்கா..." என்று இழுத்தாள்.

அந்த இன்னொன்று என்னவென்று அசிபாவுக்குத் தெரியும். ஷெர்காசி பென்சிலால் எழுதுகிறவர். கணினி அவருக்கு ஒத்துவராது. அவர் எழுதியதைக் கணினியில் ஏற்றுவது மருமகள். மருமகள் என்றால் எர்னிசின் மகள். திருட்டு என்று தீர்ப்பு எழுதினால், கதையைச் சுமந்துகொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தவள் ஐஜார்கின் என்று எழுதியதாகத்தான் ஆகும். பெயரைப் போட வேண்டியதே இல்லை.

"நீ இதுலேருந்து ஒதுங்கிக்கோ. சம்பந்தம் பேசினவ நீ" என்றார் தோக்தோசுன்.

"நீங்க எர்னிசுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நசீரா ஷெர்காசியோட பக்கத்து வீட்டுப் பொண்ணு. உறவில்லாத ஆள்தான் வேணும்னா மங்கோலியாவுலேருந்துதான் கூட்டிட்டு வரணும். கூட்டிட்டு வரவா?"

தோக்தோசுன் தயிர் உருண்டையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

*

மறுநாள் ஐஜார்கின் குழந்தை தாஸ்தானைத் தூக்கிக்கொண்டு அசிபாவின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் காலணியைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. அசிபா எதுவும் கேட்காமல் எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளையும் செர்ரி ஜாமையும் எடுத்து வைத்தாள்.

"நான் எடுத்துட்டுப் போகல அக்கா."

"நான் கேக்கவே இல்லயே."

"யாரும் கேக்கல. அதுதான் தாங்கல." ரொட்டியைப் பிய்த்துத் தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "மாமா இப்பல்லாம் எங்கிட்ட பேப்பர் குடுக்கறதில்ல. 'கை வலிக்கும்மா, ஓய்வெடு'ங்கறாரு. அத்தை சாப்பாட்ட முதல்ல எனக்கு வைக்கிறாங்க, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி. நேத்து பால் பொங்கி வழிஞ்சிடுச்சு. நான்தான் கவனிக்கல. ஒரு வார்த்தை திட்டல அக்கா. 'பரவால்லம்மா'ன்னாங்க. அந்த வீட்டுக்கு நான் வெளியாள் ஆயிட்டேன்."

"உங்கப்பாகிட்ட இந்தக் கதையப் பத்தி ஏதாவது வாய் தவறி..."

"எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு? நான் மாமாவோட கதைய படிக்கறதில்ல, அடிக்கறேன். அடிக்கும்போது எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும். கதை எங்க தெரியுது?"

அது உண்மை என்று அசிபாவுக்குப் பட்டது. செங்கல் சுமக்கிறவன் வீட்டைப் பார்ப்பதில்லை.

"உலான் என்ன சொல்றான்?"

"அவரு அப்பா முன்னாலயும் பேசமாட்டாரு, மாமனார் முன்னாலயும் பேசமாட்டாரு. எங்கிட்ட வந்து பெருமூச்சு விடறாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தாஸ்தானுக்குக் காலக் கட்டின கயித்த வெட்டி நடக்க விடற விருந்து வைக்கணும். எங்கப்பா அந்த வீட்டுப் படியேறினா மாமா பின்வாசல் வழியா போயிடுவேன்ங்கறாரு. எங்கப்பாவோ, கூப்பிட்டாலும் வரமாட்டேன்ங்கறாரு. ரெண்டு தாத்தாவும் இல்லாம எப்படிக் கயிறு வெட்டறது? வெட்டாம புள்ள எப்படி நடப்பான்?"

தாஸ்தான் அதற்குள் நாற்காலிக் காலை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் தத்தித் தத்தி பிஸ்கட் டப்பாவிடம் போய்ச் சேர்ந்திருந்தான்.

"அவனுக்கு அவசரம். பெரியவங்களுக்குத்தான் புத்தி மெதுவா நடக்குது" என்றாள் அசிபா.

ஐஜார்கின் சிரிக்கப் போய், அது அழுகையாக வந்தது. அசிபா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் பேசி முடித்த கல்யாணம் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பெண்ணைத் திட்டக்கூட ஆளில்லாமல் போவது பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமில்லை.

*

விசாரணை நாளன்று இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வந்தார்களே தவிர, உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி."

"அதெப்படி? நீங்க மாப்பிள்ளை வீடு. நீங்க போங்க."

"திருட்டுப் போன வீட்டுக்காரன் நான். நான் அப்புறம் வரேன், நீங்க போங்க."

"திருடன்னு சொன்னீங்களே, அந்தத் திருடன் உங்களுக்கு முன்னால போவானா? மரியாதை தெரியாதவனா நான்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கய்யா! கதவு அகலந்தான்!" என்று தோக்தோசுன் கத்தினார்.

சேர்ந்தே வந்தார்கள், தோள் இடித்துக்கொண்டு. ஷெர்காசி உயரமாய் ஒடிசலாய் இருப்பவர். எர்னிஸ் குட்டையாய்ப் பீப்பாய் போல. வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிர்ச் சுவரில் அறையைச் சூடாக்க ஓடிய வெந்நீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெர்காசிதான் முதலில் பேசினார். "ஒரு கேமராமேன் டீ குடிக்க வந்தான். 'உங்க சம்பந்தி பிரமாதமா ஒரு காட்சி எழுதியிருக்காரு, வாழ்த்துச் சொல்றப்போ தட்ட மாத்தறாரு பாருங்க'ன்னான். கிண்ணம் என் கையில அப்படியே நின்னுடுச்சு. என் காட்சி அது. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பெண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. தாள்ல இருந்தது. தாள் என் வீட்ல இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன். அதுக்கு மேல சொன்னா என் வீட்டுப் பொண்ணு பேரு வரும்."

எர்னிசின் கழுத்து சிவந்தது. "என் பொண்ணு பேரு எதுக்கு வருது? சம்பந்தி எழுதினத நான் கண்ணால பார்த்ததில்ல. அவருதான் எங்கயோ என்னோடத மோப்பம் பிடிச்சு, அவசரமா முன்னால போய்ப் பதிஞ்சிருக்காரு."

"நான் மோப்பம் பிடிச்சேனா! நாயா நான்?"

"நாய்னு சொல்லல. சம்பந்திய அப்படிச் சொல்வேனா?"

அசிபா மேசையைத் தட்டினாள். "ஷெர்காசி அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அந்தத் தட்டு மாத்தற விஷயம் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

ஷெர்காசி வெந்நீர்க் குழாயை இன்னும் உற்றுப் பார்த்தார். "தலையிலேருந்து."

"எந்த வீட்லயாவது பார்த்தீங்களா?"

"எந்த வீட்லயும் இல்ல!" கேள்வி முடியும் முன்னால் பதில் வந்து விழுந்தது. "அப்படி ஒரு வீடே இல்ல. நல்ல குடும்பத்துல தட்டு மாறாது. நானா கற்பனை பண்ணினது."

"எர்னிஸ் அண்ணே, உங்களுக்கு?"

எர்னிஸ் தொப்பியை மடியில் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "கனவு."

"கனவா?"

"காய்ச்சல்ல வந்த கனவு."

"நிஜத்துல யாரும் அப்படிச் செஞ்சு நீங்க பார்த்ததில்லயா?"

"மரியாதைப்பட்ட மனுஷன் விரிப்புல உக்காந்துக்கிட்டு அடுத்தவன் தட்டுல கை வைப்பானா? எனக்குத் தெரிஞ்ச யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க. என்ன கேள்வி கேக்கற நீ?"

அசிபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திருடன் என்று கூசாமல் சொன்ன வாய்கள், காட்சி எங்கிருந்து வந்தது என்றதும் பூட்டிக்கொண்டுவிட்டன. தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறவன் முகத்தை அவள் நன்றாக அறிவாள். அவன் எதிராளியின் கண்ணைப் பார்த்துச் சொல்வான். இவர்கள் இருவரும் வெந்நீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு தோக்தோசுன் கையை விரித்தார். "கனவாம், காய்ச்சலாம். சரியா பொய் சொல்லக்கூடத் தெரியல எர்னிசுக்கு. ஒண்ணுவிட்ட அண்ணன்தான், ஆனா என்ன பண்றது? திருட்டுன்னே எழுது."

நசீராவும் வருத்தத்தோடு தலையசைத்தாள்.

"அடுத்த கூட்டத்துல எழுதிக்கலாம்" என்றாள் அசிபா. "எனக்கு இன்னொரு தடவ படிக்கணும்."

*

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சமையலறையில் படித்தாள். ஒத்துப்போகிற இடங்களுக்கு நசீரா கோடு போட்டிருந்தாள். அசிபா ஒத்துப்போகாத இடங்களைத் தேடினாள்.

ஷெர்காசியின் காட்சியில் முகங்களே இல்லை. கட்டைவிரலில் சுடுகிற கொழுப்பு இருந்தது. விரிப்பின் மேல் சிதறிய ரொட்டித் துணுக்குகள் இருந்தன. மகனின் முழங்கால் பயத்தில் நடுங்குகிறது, அப்பா தன் முழங்காலால் அதை அழுத்துகிறார். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனிதன் பார்க்கக்கூடியவை மட்டுமே இருந்தன. காட்சி முடிகிற வரியில், 'எவரும் பார்க்கவில்லை' என்றிருந்தது.

எர்னிசின் காட்சியில் கொழுப்புச் சூடும் இல்லை, முழங்காலும் இல்லை. வரிசையாகக் குனிந்த வெள்ளைத் தொப்பிகள் இருந்தன, பனி மூடிய மலைத்தொடர் போல. அதன் நடுவே இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று கடக்கிற மினுக்கல். விருந்து கொடுக்கிறவர், விருந்தாளிகள் கை கழுவத் தண்ணீர்க் கெண்டியோடு வாசலில் நிற்கிறார். கெண்டி மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் மட்டும் தலை குனியவில்லை. பார்த்துவிடுகிறார். பார்த்தவுடன், பார்க்காதவர் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

கத்தி நின்றது. பாதி சீவிய கிழங்கு கையிலேயே இருந்தது.

ஒரு பெரிய மூட்டையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனால், முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். இறக்கி வைத்த பிறகு இருவரிடமும் வழியைக் கேட்டால் இரண்டு வழி சொல்வார்கள். மூட்டை ஒன்றுதான்.

மாப்பிள்ளை முதன்முதலாக எர்னிஸ் வீட்டுக்கு வந்த விருந்து அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் பெண்களோடு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவர் முடிவேயில்லாமல் வாழ்த்திக்கொண்டிருந்தார். கறி எப்போது வரும் என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். சுவருக்கு அப்பால் என்ன நடந்தது என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தால்?

நேராகக் கேட்கவும் முடியாது. 'உங்க வீட்ல எனக்குத் தப்பான எலும்பு வச்சாங்க' என்று ஷெர்காசி மூன்று பேர் முன்னால் சொன்னால் எர்னிஸ் அப்புறம் வெளியில் தலைகாட்ட மாட்டார். 'என் விருந்தாளி திருட்டுத்தனமா தட்ட மாத்தினாரு' என்று எர்னிஸ் சொன்னால் ஷெர்காசியின் கதியும் அதுதான். திருடன் என்ற பெயரைக்கூடச் சம்பந்திக்கு வாங்கிக்கொடுப்பார்கள். அந்த அவமானத்தை மட்டும் வாங்கிக்கொடுக்க மாட்டார்கள். அவர்கள் வளர்ந்த விதம் அப்படி.

வாயால் வராததை வேறெப்படி வரவழைப்பது என்று யோசித்துக்கொண்டே மிச்சக் கிழங்கைச் சீவினாள்.

*

அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் வந்தபோது மேசையும் நாற்காலிகளும் சுவரோரம் தள்ளிக்கிடந்தன. தரையில் விரிப்புப் போட்டு, ஒரு தட்டில் வட்ட ரொட்டியும் இன்னொரு தட்டில் ஆப்பிளும் வைத்திருந்தாள் அசிபா.

"என்ன, விருந்தா?" என்றார் தோக்தோசுன், ஆசையோடு.

"நம்ம ஊர்ல எவன் திரைக்கதைய படிச்சுப் பார்த்து வாங்கறான்? நடிச்சுக் காட்டினாத்தான வாங்கறான். நாமளும் நடிச்சே பார்த்துடலாம்." இரண்டு சம்பந்திகளிடமும் திரும்பினாள். "யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ரெண்டு பேர் காட்சியும் ஒண்ணுதானே? கேமராவ எங்க வப்பீங்களோ அங்க போய் இருங்க. அவ்வளவுதான். நசீரா, நீதான் மாப்பிள்ளை. தோக்தோசுன் அண்ணே, நீங்க வாழ்த்துச் சொல்ற பெரியவர்."

"எவ்வளவு நேரம் சொல்லணும்?"

"உங்க இஷ்டம்."

அவருக்கு அது போதும். சம்மணம் கூட்டி உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

ஷெர்காசி கொஞ்சம் தயங்கிவிட்டு, சுவரோரம் நசீராவின் பக்கத்தில் போய் அமர்ந்தார். நீளக் கால்களை மடக்கச் சிரமப்பட்டார். "கேமரா இங்கதான். இந்த மனுஷன் கண்ணுக்குள்ள" என்று முனகினார். அவருக்கு முன்னால் ஆப்பிள் தட்டு, நசீராவுக்கு முன்னால் ரொட்டித் தட்டு.

எர்னிஸ் அறையின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நேராக வாசலுக்குப் போனார். கை சும்மா இருப்பது பொறுக்கவில்லை போல. பக்கத்து அலமாரியிலிருந்த சங்கத்துக் கெட்டிலை எடுத்துக்கொண்டார். துவைத்து மாட்டியிருந்த துண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தோக்தோசுன் உள்ளங்கைகளை விரித்தார். எல்லாரும் விரித்தார்கள், குனிந்தார்கள். அசிபா மட்டும் பாதி குனிந்தாள்.

"இந்த வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும், இந்தப் பிள்ளைங்க பத்துப் பிள்ளை பெறட்டும், ஆடு குட்டி போடட்டும், ரோட்ல பனி சீக்கிரம் அள்ளட்டும், என் முழங்கால் வலி போகட்டும், நல்ல படம் வரட்டும், வந்த படத்த ஜனங்க பார்க்கட்டும்..."

ஷெர்காசியின் கைகள் அசைந்தன. யோசித்துச் செய்கிற அசைவாக இல்லை. செய்து பழகிய கைகள் செய்கிற அசைவு. ஆப்பிள் போனது, ரொட்டி வந்தது. சத்தமே இல்லை. அவருடைய முழங்கால் தன்னையறியாமல் நசீராவின் முழங்காலைத் தொட்டு அழுத்தியது.

தோக்தோசுன் இன்னும் முடிக்கவில்லை. ஓய்வூதியர்கள் அனைவருக்கும் நல்ல பல் கிடைக்க வேண்டும் என்று போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் குனிந்திருப்பது? ஷெர்காசி தலையை நிமிர்த்தினார்.

எதிரே வாசலில் எர்னிஸ் கெண்டிபோலக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் கண்கள் தட்டுகளின் மேல் இருந்தன. ஷெர்காசி பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே போன வருஷத்து நாட்காட்டி ஒன்றுதான் இருந்தது. அதை மிகவும் கவனமாகப் படித்தார்.

"...ஆமீன்!" என்று முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார் தோக்தோசுன். "எப்படி? போதுமா?"

ஷெர்காசி எழுந்திருக்க முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க அங்கயா நின்னீங்க சம்பந்தி?"

எர்னிஸ் நாட்காட்டியை விட்டுத் திரும்பவில்லை. "எங்க?"

"அன்னிக்கு. கெண்டியோட."

"நான் எதையும் பார்க்கல சம்பந்தி."

"நான் எதையும் கேக்கல சம்பந்தி. நின்னீங்களான்னுதான் கேட்டேன்."

எர்னிசின் குட்டைக் கழுத்து இன்னும் உள்ளே போனது. "கை கழுவத் தண்ணி கொண்டு வந்தேன். வந்த நேரம் சரியில்ல."

ஷெர்காசி ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டார். "அட கடவுளே. இத்தனை நாளா தெரியுமா உங்களுக்கு? உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்னுதானே நான்..."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானே நான்..."

"அப்புறம் எதுக்குய்யா எழுதினீங்க?"

"நீங்க எதுக்கு எழுதினீங்க?"

ஷெர்காசி கையை எடுத்தார். கண் சிவந்திருந்தது, உதட்டில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "பெருமைதான். வேறென்ன? அத்தனை பேர் நடுவுல என் சம்பந்தி தலை குனியாம பார்த்துக்கிட்டேன். அத ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது. தாள்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது. ஊரையும் பேரையும் மாத்திட்டேன், யாருக்குத் தெரியப் போகுதுன்னு."

எர்னிஸ் இப்போதுதான் திரும்பினார். கெட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை. "என் வீட்ல, எனக்காக ஒரு மனுஷன் அதைச் செஞ்சாரு. நன்றி சொல்லணும்னு நெஞ்சு கிடந்து அடிச்சுக்குது. சொன்னா நான் பார்த்தது தெரிஞ்சிடும். எப்படிச் சொல்றது? அதான் எழுதினேன். திரையில பார்த்தா, யாரோ எங்கயோ நன்றி சொல்றாங்கன்னு உங்களுக்குத் தோணும்னு..."

அவரால் முடிக்க முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு யாராவது சொல்லுங்களேன்" என்றார் தோக்தோசுன்.

நசீரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிவப்புப் பென்சிலைப் பைக்குள் போட்டாள். "நான் அப்புறம் சொல்றேன் அண்ணே."

"யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றாள் அசிபா. சுவரோரத்து மேசையை இழுத்துத் தீர்ப்பை எழுதினாள். திருட்டு இல்லை. ஒரே நிகழ்ச்சியை இருவர் இரண்டு இடங்களிலிருந்து கண்டு எழுதியிருக்கிறார்கள். எழுதியதை ஊதிக் காயவைத்தாள்.

"எங்க கண்டாங்கன்னு எழுதலயே" என்று எட்டிப் பார்த்தார் தோக்தோசுன்.

"எழுதமாட்டேன். கையெழுத்துப் போடுங்க."

சமாதானம் ஆகிவிட்டதே என்று அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்த சண்டை தொடங்கியது.

"அந்தக் காட்சிய நான் எடுத்துடறேன் சம்பந்தி. நீங்க முன்னால பதிஞ்சது" என்றார் எர்னிஸ்.

"எடுத்துப் பாருங்க. மறுபடி புகார் குடுப்பேன்."

"என்னன்னு குடுப்பீங்க?"

"என்னைப் பத்தின நல்ல காட்சிய நீக்கிட்டாருன்னு குடுப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன். வாசல்லேருந்து பார்த்தா கொழுப்போட சூடு தெரியாது. விரல் வெந்துபோச்சு அன்னிக்கு. பையனோட முழங்கால் கிடுகிடுன்னு ஆடுச்சு. அதெல்லாம் உங்க காட்சியில இல்ல. சேர்த்துக்கோங்க."

"சேர்த்தா உங்க பேரும் போடணும்."

"போடாதீங்க."

"போடுவேன். உங்களால ஆனதப் பாருங்க."

பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். அங்கே மறுபடி நின்றார்கள். "நீங்க முன்னால போங்க சம்பந்தி" என்று கேட்டது. தோக்தோசுன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

*

அன்று சாயங்காலம் ஐஜார்கின் போன் செய்தாள். குரல் துள்ளியது.

"அக்கா, மாமா ஒரு கத்தைப் பேப்பரக் கொண்டாந்து என் மடியில போட்டாரு. 'என்னம்மா சும்மா உக்காந்திருக்க? இதெல்லாம் யாரு அடிக்கறது, உங்கப்பனா?'ன்னு வஞ்சாரு."

"நல்லா வஞ்சாரா?"

"நல்லாவே வஞ்சாரு. அத்தையும் வஞ்சாங்க, பால் பாத்திரத்த சரியா தேய்க்கலன்னு. அன்னிக்குப் பொங்கினதுக்கும் சேர்த்து."

"ரொம்ப சந்தோஷம்டி" என்றாள் அசிபா. மனதாரத்தான் சொன்னாள்.

விருந்தை ஷெர்காசி வீட்டில் வைத்தார்கள். முற்றத்தில் பனியை ஒதுக்கிக் கம்பளம் விரித்து, தாஸ்தானின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிற்றால் லேசாகக் கட்டி நிறுத்தினார்கள். தெருப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முந்தி வந்த ஒரு சிறுமி கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். அவன் ஏற்கெனவே நடக்கக் கற்றுக்கொண்டதை எல்லாருமே மறந்துவிட்டது போல, முதலடி வைத்ததும் கைதட்டினார்கள். ஒரு பக்கம் நீளத் தாத்தாவும் மறு பக்கம் குட்டைத் தாத்தாவும் ஆளுக்கொரு விரலைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு விரலும் ஒரே உயரத்தில் இல்லாததால் அவன் சாய்ந்து சாய்ந்து நடந்தான்.

பிறகு உள்ளே கறி வந்தது. இந்த முறை எர்னிஸ்தான் விருந்துக்கு வந்த சம்பந்தி. சுவரோரத்து மரியாதை இடத்தில், பெண்கள் அறைக்குப் போகவிடாமல் இங்கேயே உட்காரவைத்திருந்த அசிபாவின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். தட்டுகள் வந்து இறங்கும்போது ஷெர்காசி ஒவ்வொன்றையும் கண்ணால் தொடர்ந்தார். சரியான எலும்பு சரியான ஆளுக்கு. எர்னிஸ் முன்னால் இடுப்பெலும்பு, ஒரு மயிரிழைகூடத் தப்பில்லை. ஷெர்காசி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கெண்டியோடு வாசலில் போய் நின்றார்.

தோக்தோசுன் உள்ளங்கைகளை விரித்தார். முழங்கால் வலியிலிருந்தே தொடங்கினார்.

எல்லாத் தொப்பிகளும் குனிந்தன. அசிபாவும் குனிந்தாள், ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவளுக்கு முழுசாகக் குனிய வருவதில்லை. பக்கத்தில் ஒரு கை நகர்வதைப் பார்த்தாள். எர்னிசின் தடித்த கை, தன் இடுப்பெலும்புத் தட்டை மெல்லத் தள்ளி அவள் முன்னால் வைத்துவிட்டு, அவளுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கொழுப்பு சுட்டிருக்க வேண்டும், விரலை ஒரு தடவை உதறினார்.

வாசலில் ஷெர்காசி கெண்டியோடு தலை நிமிர்ந்து நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்ட, முகத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவருகே ஐஜார்கின், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன, மறந்துவிடக் கூடாதே என்பது போல.

அடுத்த புகார் யார் மேல் யார் கொடுப்பது என்று அசிபாவுக்கு ஒரே குழப்பமாகிவிட்டது. எதையும் பார்க்காதவள் போல அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.